கை அடையாளம்

கிறிஸ்தோப்பரின் ஒஸ்ரின் காரில் ஏறாமல் நாரந்தனைப் பக்கத்தில் ஒருத்தியும் கலியாணம் முடித்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். சைக்கிள் பாரில் இருந்துபோய் முடித்தவர்களும் உண்டு. ஓடிப்போய் முடித்தவர்களுக்குக் காரே தேவைப்படவில்லை. ஆனால் கோயிலில் மூன்று ஞாயிறு அறிவித்து, ஊர் கூட்டி முறையாக முடித்தவர்களை ஊர்காவற்றுறைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டது அந்தக் கறுத்த ஒஸ்ரின்தான். இடையில் சண்டை வந்து சனம் தீவை விட்டுப் போனபோது காரும் போனது. மண்ணெண்ணெயில் ஓடியது, சாவகச்சேரியில் ஒரு மாமரத்தின் கீழ் மாதக்கணக்கில் நின்றது, பிறகு சனத்தோடு சனமாகத் திரும்பியும் வந்தது.

2003 ஆவணியில் கிறிஸ்தோப்பரின் சொந்த மகளுக்கு முறை வந்தது.

மாப்பிள்ளை டிலோன் யாழ்ப்பாண ரவுணில் ஒரு மருந்துக்கடையில் நிற்பவன். நல்ல பொடியன். அவனுடைய வீட்டார், பெண்ணை ஏற்றிப்போக ஏசி போட்ட வான் ஒன்று அனுப்பிவைக்கிறோம் என்று மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினார்கள். கிறிஸ்தோப்பர் அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் இருந்தார்.

"வானிலை மீன் ஏத்தலாம்," என்றார் கடைசியில். "பொம்பிளை ஏத்த ஏலாது. ஊரிலை எல்லாற்ற பிள்ளையளையும் கொண்டுபோய் இறக்கினனான். என்ர பிள்ளையை நான்தான் ஓட்டிக்கொண்டு போவன். ஒருத்தரும் இதுக்குள்ளை கதைக்கப்படாது."

மனைவி எமிலி கதைக்கவில்லை. அவளுக்கும் அது பெருமைதான். கோபம் வந்தால் குசினிக்குள் போய்ச் சட்டி பானையோடு பேசுகிறவள் அவள். அன்றைக்குச் சட்டி பானைக்கு ஓய்வு கிடைத்தது.

ஆனால் கார் பெண் ஏறுகிற நிலையில் இல்லை. சோளகம் அடிக்கிற காலம். கடலில் இருந்து உப்பையும் மரமில்லாத தரவை வெளியில் இருந்து புழுதியையும் அள்ளிக்கொண்டு வந்து காற்று எல்லாவற்றின் மேலும் அப்பிவிடும். கறுப்பு நிறம் வெளிறி, கழுவிக் காயாத கரும்பலகை போல இருந்தது. வேலணைக் குகநாதன்தான் வழி சொன்னான். குறிகட்டுவானுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மினிபஸ் ஓட்டுகிறவன், கிறிஸ்தோப்பர் மேல் மரியாதை உள்ளவன். சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த பிறகு அங்கிருந்து வந்த சாமான் என்று இரண்டு தகரடப்பாக்களைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தான்.

"அண்ணை, இந்தச் சின்ன டப்பா மெழுகு. இதைக் கடைசியிலைதான் தொடவேணும். முதல் இந்தக் கம்பவுண்ட். ஈரத்துணியிலை எப்பன் எடுத்து, ஒரு சுளகளவு இடத்திலை தேயுங்கோ. துடைச்சுப் பாருங்கோ. பேந்து அடுத்த இடம். ஊத்தையோடை மெழுகைப் பூசினா ஊத்தைதான் மினுங்கும்."

"எனக்குத் தெரியாதோ?" என்றார் கிறிஸ்தோப்பர்.

"தெரியும், தெரியும். ஆனா ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். கம்பவுண்ட் எண்டது பூசுற சாமான் இல்லை, தோல் உரிக்கிற சாமான். துணியிலை கறுப்பாப் படுகிறது ஊத்தை மட்டுமில்லை, உங்கட பெயின்ற். ரெண்டு தரம் தேய்ச்சாப் போதும். மூண்டாந்தரம் கை வைக்காதையுங்கோ."

முதல் சண்டை தண்ணீரில் தொடங்கியது. அவர்கள் வீட்டுக் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொட்டுகள் நிற்கும். அதன் மேல் தேய்த்தால் கீறும். நல்ல தண்ணீருக்கு அரை மைல் தூரம் சைக்கிளில் பிளாஸ்ரிக் கான் கட்டிக்கொண்டு போகவேண்டும். குடிக்கவும் சோறு காய்ச்சவும் என்று எமிலி கொண்டுவந்து வைத்திருந்த இரண்டு கான் தண்ணீரையும் கிறிஸ்தோப்பர் விடிந்ததும் காரில் ஊற்றிவிட்டார்.

"காருக்கு நல்ல தண்ணி, மனிசருக்கு உவர்த் தண்ணியோ?" என்றாள் எமிலி.

"ஒரு கிழமைக்குத்தானே. தேத்தண்ணிக்குச் சீனியைக் கூடப் போடு, உப்புத் தெரியாது."

எமிலி குசினிக்குள் போனாள். பானை மூடி இரண்டு முறை சத்தமாக விழுந்தது. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளே தண்ணீருக்குப் போனாள். மகளின் கலியாணம் அல்லவா.

வேப்பமர நிழலில் காரை விட்டுக்கொண்டு கிறிஸ்தோப்பர் தேய்க்கத் தொடங்கினார். எமிலியின் பழைய நூல் சீலை ஒன்று நாலாகக் கிழிந்து துணியானது. நிழல் நகர நகர அவரும் கதிரையை நகர்த்தினார். சின்னச் சின்ன வட்டமாகக் கை சுற்றும். நாலு விரலிலும் பாரம் சமமாக இருக்கும். ஐம்பத்தொன்பது வயதுக்கு அந்தத் தோளில் நல்ல பெலன் இருந்தது. முதல்நாள் கதவு நாலும் முடிந்தன. இரண்டாம் நாள் பின்பக்கம். மூன்றாம் நாள் கூரையும் முன்மூடியான பொனற்றும். நாலாம் நாள் மெழுகு என்பதுதான் ஏற்பாடு.

நாலாம் நாள் எமிலி தேத்தண்ணி கொண்டுபோனபோது மெழுகு டப்பா திறக்கப்படாமலே கிடந்தது. அவர் மறுபடி பொனற்றில் கம்பவுண்ட் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் முடியேல்லையோ?"

"எங்கை முடியிறது? எவ்வளவு தேய்ச்சாலும் ஒரு புகை நிக்குது, பார். சாம்பல் பூத்தமாதிரி. குகநாதன் தந்தது பழைய சாமான் போலை கிடக்கு."

எமிலி பார்த்தாள். பொனற்றில் அவள் முகம் தெரிந்தது. முகம் மட்டுமா, தாடையில் உள்ள பாலுண்ணி தெரிந்தது, தலைக்கு மேல் வேப்பங்கிளை தெரிந்தது, கிளையில் இருந்த காகம் கழுத்தைச் சரித்தது தெரிந்தது. அப்படி ஒரு மினுக்கத்தை அந்தக் காரில் அவள் கலியாணம் முடித்த நாளிலும் கண்டதில்லை.

"எங்கை புகை?" என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. அவர் தலையைக் கோழி சரிக்கிறமாதிரி ஒருபக்கமாகச் சரித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக் கோப்பைக்காக நீட்டிய கை கோப்பைக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி நின்றது. அவள்தான் கோப்பையைக் கையில் கொண்டுபோய் வைத்தாள்.

குசினிக்குத் திரும்பிவந்து அடுப்படியில் குந்தினாள். திருக்கை கறிக்கு வெட்டிக் கிடந்தது, அதைத் தொடவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பேப்பர் எழுத்தைச் சின்னனாக்கிப்போட்டாங்கள் என்று அவர் வாசிப்பதை விட்டு ஒரு வருசம். பொழுதுபட்டால் காரை எடுப்பதில்லை. லைற் மங்கல் என்பார். போன மாதம் தொண்டையில் முள் சிக்கியது. இதெல்லாம் வயது என்று அவள் நினைத்திருந்தாள். அவளுடைய தமையன் சில்வெஸ்ரருக்கும் கண்ணில் இப்படித்தான் வெள்ளை படர்ந்தது. அவன் கடலுக்குப் போகிறவன், வள்ளத்தில் மற்றவர்களும் இருந்தார்கள். காரில் பார்த்து ஓட்ட இவர் ஒருவர்தான்.

இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. தன் கண்ணிலும் பிழை இருக்கலாமே. சீலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முற்றத்துக்குப் போனாள்.

"இஞ்சாருங்கோ. இந்த மூலையிலை ஆற்றையோ கை அடையாளம் கிடக்குது. அஞ்சு விரலும் அப்பிடியே. துடைச்சுவிடுங்கோ."

அவள் காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கண்ணாடி போலக் கிடந்தது.

கிறிஸ்தோப்பர் குனிந்தார். "ஓம் ஓம், நானும் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்," என்றார். நல்ல துணியாகத் தேடியெடுத்து, வாயால் ஊதி ஈரமாக்கி, அந்த இடத்தைத் துடைத்தார். மூன்று முறை துடைத்தார். பிறகு நிமிர்ந்து அவளைக் கேட்டார்.

"இப்ப போயிட்டுதோ?"

"போயிட்டுது," என்றாள் எமிலி.

அவளுக்கு அவர் காணாததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. காணாததைக் கண்டேன் என்று எத்தனை நாளாக நடிக்கிறார், எத்தனை இடத்தில் நடிக்கிறார் என்பதுதான் அவளைப் போட்டு உலுப்பியது. கலியாணத்துக்கு இன்னும் ஆறு நாள். சொன்னால் இந்த மனுசன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு புகைக்குள்ளால் ஓடப்போகிறார்.

அடுத்தநாள் குகநாதன் மினிபஸ்ஸை ஒழுங்கையில் விட்டுவிட்டு வந்து பார்த்தான். பொனற்றின் நடு விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்மண் நிறம் தெரிந்தது. பெயின்ற் முழுக்கத் தேய்ந்து அடிப்பூச்சு வெளியே வந்துவிட்டிருந்தது. கிறிஸ்தோப்பர் அதே இடத்தில்தான் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. அடிப்பூச்சு வந்திட்டுது."

"எங்கை?"

"உங்கட கைக்குக் கீழை."

கிறிஸ்தோப்பர் துணியை எடுத்துவிட்டு விரலால் தடவினார். நகத்தின் நுனி அந்த இடத்தின் ஓரத்தில் மெல்லத் தட்டுப்பட்டது. "பழம் பெயின்ற்," என்றார். "அதுதான் தாங்கேல்லை." துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டு கதிரையில் இருந்தார். அதற்குப் பிறகு அவர் கம்பவுண்ட் டப்பாவைத் தொடவே இல்லை.

கிணற்றடியில் கால் கழுவப் போன குகநாதன், எமிலியிடம் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அண்ணைக்குக் கண்…"

"தெரியும். நீர் வாயைத் திறக்காதையும்."

"நான் திறக்கேல்லை. ஆனா ஆரும் திறக்கத்தானே வேணும். றோட்டிலை வாகனம் இல்லாதபடியால் தப்பியிருக்கிறார். சென்றியிலை நிக்கிற ஆமிக்காரனும் பழகின கார் எண்டு கையைக் காட்டி விடுறான். இது எப்பிடியக்கா சரிவரும்?"

"கலியாணம் முடியட்டும். சனிக்கிழமை நீர் ஓட்டுவீரோ?"

"ஓட்டுவன். அவர் கார்த் திறப்பைத் தரவேணுமே."

அன்று பின்னேரம் புட்டும் திருக்கைப் பிரட்டலும் வைத்துவிட்டு எமிலி பேச்சைத் தொடங்கினாள். மகள் நிமலினி பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவேண்டாம் என்று எமிலி நினைத்திருந்தாள்.

"சனிக்கிழமை காரைக் குகநாதன் ஓட்டட்டும். நீங்கள் பின்னுக்குப் பிள்ளையோடை இருங்கோ."

"ஏன்? எனக்குக் கை முடமோ?"

"தேப்பன் எண்டா பிள்ளைக்குப் பக்கத்திலை இருக்கிறதுதான் வடிவு. கோட்டும் போட்டுக்கொண்டு கியரை இழுத்துக்கொண்டு போய் வேர்த்து விறுவிறுத்து இறங்கப்போறீங்களோ? சனம் ட்றைவர் ஆர், தேப்பன் ஆர் எண்டு தேடும்."

"தேடட்டும். நான் ஓட்டிக்கொண்டு போய், இறங்கி, கதவைத் திறந்து, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவன். முப்பது வருசமா மற்றவையின்ர பிள்ளையளுக்குக் கதவு திறந்தனான்."

எமிலி சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் நிமலினி புட்டைக் குழைத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, பின்னுக்கு வாங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள் முன்னுக்கு இருந்தா உங்கட பிடரியைத்தான் பாத்துக்கொண்டு போகவேணும். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

கிறிஸ்தோப்பர் மிஞ்சிய புட்டை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு, "சரி," என்றார். "அண்டைக்கு ஒருநாள் மட்டும். திங்கக்கிழமை வழக்கம்போலை நான்தான் எடுப்பன்."

எமிலிக்கு மூச்சு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லாமலே அவள் தப்ப, ஒன்றும் தெரியாத பிள்ளை வழி விட்டிருந்தாள். திங்கட்கிழமை என்ற நாள் அப்படியே எதிரே நின்றது.

வெள்ளிக்கிழமை குகநாதன் செம்மண் நிறத்தின் மேல் தூரிகையால் கறுப்புப் பூசிக் காயவிட்டான். கிட்டப்போனால் தெரியும், மாலை கட்டினால் தெரியாது. அதன்பின் மெழுகு டப்பா திறக்கப்பட்டது. மெழுகைப் பூசிச் சற்று விட்டால் அது காய்ந்து வெள்ளைப் புகையாக நிற்கும், அதைத்தான் துடைத்தெடுக்கவேண்டும். கார் முழுக்க வெள்ளை பூத்து நின்றது. கிறிஸ்தோப்பர் துணியைக் கீழே வைத்தார். உள்ளங்கையைக் காரின் மேல் மெல்ல ஓடவிட்டார். துடைக்காத இடத்தில் கை தடைப்பட்டது, துடைத்த இடத்தில் வழுக்கியது. கையாலேயே இடம் பார்த்து, கையாலேயே ஓரம் பிடித்து, விளிம்பும் மூலையும் மிச்சமில்லாமல் துடைத்தார். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற எமிலிக்கு வெங்காயம் உரிக்காமலே கண் கலங்கியது. அவர் கையில் ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கார் வாசலில் நின்றது. வெள்ளை ரிபனும் மல்லிகைச் சரமும் கட்டி, பொனற்றின் நடுவில் ஒரு பூச்செண்டு. வான் அனுப்ப ஆசைப்பட்ட மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, கார்க் கதவில் தன் சீலை மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டு போனாள். கிறிஸ்தோப்பர் கோட்டுப் பையில் இருந்து வளையத்தில் கோத்த கார்த் திறப்பை எடுத்துக் குகநாதனிடம் கொடுத்தார். நிமலினி பின்னால் ஏறினாள். பக்கத்தில் அவர். முன்னால் குகநாதனுக்கு இடப்பக்கம் எமிலி.

கார் ஒழுங்கையால் இறங்கி றோட்டுக்கு ஏறியதும் பின்னால் இருந்து குரல் வந்தது.

"குகநாதன், ரெண்டாவது கியர். பனையடியிலை ஒரு பள்ளம் கிடக்கு, வலப்பக்கம் பிடியும்."

பள்ளம் வந்தது. குகநாதன் வலப்பக்கம் பிடித்தான்.

"இனி ஒரு வளைவு. வளைவு முடிய மணல் ஏறிக்கிடக்கும், பிறேக் பிடியாதையும்."

மணல் ஏறிக் கிடந்தது. நிமலினி சிரித்தாள். "அப்பா, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுறீங்கள்."

எமிலி திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். மகளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சீற்றில் சாய்த்து, அவர் கண்ணை மூடியிருந்தார். றோட்டு அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எமிலிக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. இந்த மனுசன் இன்றைக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டு போகிறார் என்றில்லை. மாதக்கணக்காக இப்படித்தான் ஓட்டியிருக்கிறார்.

"இனி மதகடி வரைக்கும் நேர் றோட்டு," என்றார் கிறிஸ்தோப்பர். "ஒண்டும் இல்லை. நல்லா வேகமா விடும்."

குகநாதன் பிறேக்கை அழுத்தினான். கார் குலுங்கி நின்றது. மல்லிகைச் சரம் ஒன்று அறுந்து கண்ணாடியில் விழுந்தது.

"என்ன?" என்றார் கிறிஸ்தோப்பர். கண் திறந்திருந்தது. "ஏன் நிப்பாட்டினனீர்? எமிலி, என்ன?"

எமிலி சொல்லாமல் விட்டதெல்லாம் போதும் என்று நினைத்தாள்.

"பிள்ளையள்," என்றாள். "பொம்பிளைக் கார் பாக்க வந்து றோட்டுக்குக் குறுக்காலை நிக்குதுகள்."

"எத்தினை பேர்?"

"ஏழு பேர். ஒண்டு சரியான சின்னன். கையிலை பூ வைச்சிருக்குது."

கிறிஸ்தோப்பர் முன் சீற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தலையை ஒருபக்கம் சரித்தார், மறுபக்கம் சரித்தார். வெயில் பொனற்றில் பட்டுத் தெறித்தது.

"போன கிழமை இதாலைதான் சிவக்கொழுந்து ரீச்சரை ஏத்திக்கொண்டு போனனான்," என்றார். "நல்லா வேகமா விட்டனான்."

நிமலினி அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கியது. கேட்கவில்லை, கையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

கிறிஸ்தோப்பர் மற்றக் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார். அதற்குள் இன்னொரு திறப்பு இருந்தது. திங்கட்கிழமைக்கென்று அவர் வைத்திருந்த திறப்பு. அதை எமிலியின் தோளுக்கு மேலால் நீட்டினார். கை ஒரு சாண் தள்ளித்தான் வந்தது. எமிலி அதைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, திறப்பை வாங்கினாள்.

"அலுமாரியிலை வை. திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போவம்."

"போவம்."

"நீ எப்ப கண்டனீ?"

"கை அடையாளம் துடைச்சீங்களே, அண்டைக்கு."

அவர் வெறுங்கையால் முன் சீற்றின் விளிம்பைத் தடவினார். "அங்கை அடையாளம் ஒண்டும் இருக்கேல்லை, என்ன?"

"இல்லை."

"நல்லாத் துடைச்சனானோ?"

எமிலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வடிவாத் துடைச்சனீங்கள்," என்றாள்.

வெளியே பிள்ளைகள் காரைச் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவரையும் விரல் வைக்க விடாத காரில் ஏழு பேரும் கை வைத்து, கதவில் தங்கள் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குகநாதன் விரட்டப் போனான். கிறிஸ்தோப்பர் தடுத்தார். யன்னலால் கையை வெளியே விட்டு, பூ வந்து கையில் படும்வரை அப்படியே வைத்திருந்தார். அதை வாங்கி மகளிடம் கொடுத்தார்.

"எல்லாரும் ஓரத்துக்குப் போயிட்டினமோ?" என்று எமிலியைக் கேட்டார்.

"போயிட்டினம்."

அவர் சீற்றில் சாய்ந்துகொண்டார்.

"எடும் குகநாதன். இனி றோட்டை நீரே பாத்து ஓட்டும்."